படக்கதை ஓவியர்: கையும் பெயரும் உரிமையும்

முன்னுரை

குறுந்தொகையைப் பயில்வோர் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், விட்டகுதிரையார், ஓரேருழவனார் என்னும் பெயர்களைக் காண்பர். இவை பெற்றோர் இட்ட பெயர்கள் அல்ல. பாடியவர் இன்னார் என அறிய இயலாத நிலையில், பாட்டினுள் அமைந்த சிறந்த தொடர் ஒன்றே புலவர்க்குப் பெயராக வழங்கலாயிற்று. படைத்தவர் பெயர் மறைந்தவிடத்துப் படைப்பே அவர்க்குப் பெயர் தந்தது. இஃது நம் இலக்கிய வரலாற்றில் நன்கறியப்பட்ட செய்தியாகும்.

இதனோடு ஒப்பவைத்து நோக்கத்தக்க நிகழ்ச்சியொன்று இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் நிகழ்ந்தது. டொனால்டு டக் என்னும் வாத்தின் கதைகளைப் படக்கதை இதழ்களில் தொடர்ந்து படித்துவந்தோர் சிலர், அவற்றுள் ஒருசார் கதைகள் ஏனையவற்றினும் சிறந்து விளங்குதலை உணர்ந்தனர். அவை ஒரே கையால் வரையப்பட்டன என்பது அவர்க்குத் தெளிவாயிற்று. ஆயின் இதழில் வால்ட் டிஸ்னி என்னும் பெயரன்றிப் பிறிதொரு பெயர் இல்லை. ஆதலின் அவ்வோவியரை ‘நல்ல வாத்து ஓவியர்’ எனச் சுட்டலாயினர். அவர் உயிரோடு இருந்தார், வரைந்துகொண்டும் இருந்தார். ஆயினும் சங்கப் புலவர் சிலர்க்கு நேர்ந்த நிலையே அவர்க்கும் நேர்ந்தது.

படக்கதைக் கலையின் வரலாற்றை ஆராயுங்கால் மூன்று பொருள்களை வேறுபிரித்து நோக்குதல் வேண்டும். அவை வரைந்த கை, அச்சிடப்பட்ட பெயர், பயனை நுகர்ந்த உரிமை என்பன. இம்மூன்றும் ஒருவரிடத்தே அமைந்தமை அரிது. அவை எவ்வாறு பிரிந்தன என்பதையும், பிரிந்தவற்றை மீண்டும் இணைப்பதற்கு ஓவியரது வரைநடை எத்துணைத் துணைசெய்தது என்பதையும் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

செய்தித்தாளில் தோன்றிய கலை

கட்டம் கட்டமாக வரிசைப்பட்ட படங்களாலும், பேச்சுக் குமிழ்களாலோ படத்தின்கீழ் அமைந்த உரையாலோ கதை நிகழ்த்தும் அச்சுக்கலையே ஈண்டுப் படக்கதை எனப்படுகின்றது. அமெரிக்காவில் இது செய்தித்தாளில் வளர்ந்தது. நியூயார்க் நகரத்து ‘வேர்ல்டு’ நாளிதழில் ரிச்சர்டு அவுட்கால்ட் 1895இல் வரையத் தொடங்கிய மஞ்சட்சட்டைச் சிறுவன் பெரும்புகழ் எய்தினான். 1896இல் அவுட்கால்ட் போட்டி நாளிதழாகிய ‘ஜர்னல்’ இதழுக்குச் சென்றார். ‘வேர்ல்டு’ அப்படத்தை நிறுத்தவில்லை. ஜார்ஜ் லக்ஸ் என்னும் மற்றோர் ஓவியரைக்கொண்டு அதே சிறுவனைத் தொடர்ந்து வரைவித்தது. ஆகவே ஒரே நகரத்தில் ஒரே சிறுவன் இருவர் கையால் இரு தாள்களில் உலவினான். படைத்தவரின்றியும் படைப்பு வாழும் என்பதைச் செய்தித்தாள் முதலாளிகள் இக்கலையின் தொடக்கத்திலேயே அறிந்துகொண்டனர். பின்னர் நிகழ்ந்த பலவற்றிற்கும் இதுவே வித்து எனலாம்.

எனினும் செய்தித்தாள் ஓவியர் பெரும்பாலும் தம் பெயரை இட்டே வரைந்தனர். அவருள் வின்சர் மெக்கே தலைசிறந்தவர். 1905 அக்டோபர் 15ஆம் நாள் ‘நியூயார்க் ஹெரால்டு’ இதழில் அவர் தொடங்கிய ‘லிட்டில் நெமோ’ ஒரு சிறுவனின் கனவுகளைக் கூறுவது. ஒவ்வொரு வாரமும் கனவு விரிந்து, இறுதிக் கட்டத்தில் சிறுவன் விழித்துக்கொள்வான். மெக்கே கட்டத்தின் அளவையே கதைக்கு உறுப்பாக்கினார். 1908 ஜூலை 26ஆம் நாள் வெளிவந்த பக்கத்தில் நெமோவின் கட்டில் உயிர்பெற்றுக் கால் நீண்டு நகரத்து மாடங்களுக்கு மேல் நடந்துசெல்கின்றது. கட்டிலின் கால் நீளுந்தோறும் கட்டமும் நெடிதாகின்றது. புற எல்லையைச் சீரிய வன்கோட்டாலும் அகத்தை மென்கோட்டாலும் அமைத்து, நெடிய கட்டடங்களைத் தொலைநோக்கு முறை வழுவாது வரைதல் அவர் இயல்பு.

1929 ஜனவரியில் டார்சான் கதையைச் செய்தித்தாட்கு வரைந்த ஹால் பாஸ்டர், 1937 பிப்ரவரி 13ஆம் நாள் ‘பிரின்ஸ் வேலியண்ட்’ என்னும் வீரகாவியத்தைத் தொடங்கினார். அவர் பேச்சுக் குமிழை மேற்கொள்ளவில்லை. உரையைப் படத்தின்கீழ் அமைத்தார். காடும் கோட்டையும் கடலும் நூல்விளக்க ஓவியத்தின் முழுமையோடு அவர் படத்தில் அமைந்தன. 1934 ஜனவரி 7ஆம் நாள் ‘பிளாஷ் கார்டன்’ தொடங்கிய அலெக்ஸ் ரேமண்ட், மெல்லிய தூரிகைக் கீற்றுகளை அடுத்தடுத்து இழைத்து உடலின் திரட்சியையும் ஆடையின் மடிப்பையும் காட்டினார். அவர்தம் மாந்தர் நின்ற நிலையிலும் ஆடலில் நிற்பார் போல்வர். பாஸ்டர், ரேமண்ட் ஆகிய இருவரையும் பார்த்து வரைந்து பழகியே அடுத்த தலைமுறையினர் பலர் தொழில் கற்றனர்.

இவர்க்கு மாறுபட்ட நெறியொன்றை நோயல் சிக்கிள்ஸ் கண்டார். அதன் வரலாறு நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. ‘ஸ்கார்ச்சி ஸ்மித்’ என்னும் விமானவீரன் கதையை வரைந்த ஜான் டெர்ரி நோயுற்றமையால், 1933இன் இறுதியில் அப்பணி சிக்கிள்ஸிடம் வந்தது. அவர் டெர்ரியின் கோட்டைப் போன்றே கோடிட்டு, டெர்ரியின் பெயரிலேயே வரைய வேண்டியிருந்தது. 1934இல் டெர்ரி இறந்த பின்னரே சிக்கிள்ஸ் தம் பெயரை இட்டார்; அதன்பின் மெல்லமெல்லத் தம் நடையையும் வெளிக்கொணர்ந்தார். பிறர் பெயரைச் சுமந்த காலத்துப் பிறர் நடையையும் சுமந்தார். பெயர் வந்தபின் நடையும் வந்தது. பெயருக்கும் நடைக்கும் உள்ள உறவை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று காண்டல் அரிது.

சிக்கிள்ஸ் கண்ட நெறி யாது? மடிப்பையும் சுருக்கத்தையும் கோடுகளால் ஒவ்வொன்றாகக் காட்டாமல், ஒளி விழும் பக்கத்தை வெறுமையாக விட்டு, நிழல் விழும் பக்கத்தை முழுக் கருமையாக்குதல். பாதி முகம் இருளில் மறையினும் எஞ்சிய பாதியால் முழுமுகமும் படிப்போர் கண்ணில் அமையும். நாள்தோறும் ஒரு வரிசை வரைந்து தருதற்கும், சொரசொரப்பான செய்தித்தாளில் சிதையாமல் பதிதற்கும் இந்நெறி பொருந்திற்று. நுண்கோடுகள் மையில் ஒன்றோடொன்று ஒட்டிப்போக, கருமைப் பரப்போ தெளிவாக நின்றது. சிக்கிள்ஸோடு ஒரே பணியறையில் இருந்து வரைந்த மில்ட்டன் கனிஃப், 1934 அக்டோபரில் தொடங்கிய ‘டெர்ரி அண்டு தி பைரேட்ஸ்’ கதையில் இந்நெறியை மேற்கொண்டு நாடறியச் செய்தார். மழையும் இரவும் துறைமுகமும் அவர் தூரிகையில் கருமையாலேயே உருப்பெற்றன.

கனிஃப் பெயர் அறியாதார் இலர். ஆயினும் அக்கதையின் உரிமை அவர்க்கு இல்லை. அதனை வழங்கிய செய்தித்தாள் கழகத்திற்கே உரியதாயிருந்தது. ஆதலின் 1946இன் இறுதியில் அவர் புகழின் உச்சியில் இருந்த அக்கதையை விட்டு நீங்கி, 1947 ஜனவரி 13ஆம் நாள் தமக்கே உரிமையுடைய ‘ஸ்டீவ் கேன்யன்’ கதையைத் தொடங்கினார். ‘டெர்ரி’ ஜார்ஜ் வுண்டர் என்பாரால் 1973 வரை தொடர்ந்து வரையப்பட்டது. பெயர் பெற்றவரும் உரிமை பெறுதற்குத் தம் படைப்பையே துறக்க வேண்டியிருந்தது.

இதழ்க்காலமும் பெயர்மறைவும்

1930களில் படக்கதை தனி இதழாக வெளிவரலாயிற்று. இதழ்களை நிரப்பப் பக்கங்கள் பல வேண்டியிருந்தன. ஆதலின் ஓவியப் பட்டறைகள் எழுந்தன. ஒருவர் பென்சிலால் வரைவார், மற்றொருவர் மையிடுவார், வேறொருவர் எழுத்துப் பொறிப்பார், இன்னொருவர் வண்ணம் குறிப்பார். இவ்வேலைப் பகுப்பில் தனிக் கை மறைந்தது, பெயரும் மறைந்தது.

1938 ஜூன் நாளிட்ட ‘ஆக்ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் சூப்பர்மேன் தோன்றினான். கதை எழுதிய ஜெர்ரி சீகலும் படம் வரைந்த ஜோ ஷூஸ்டரும் அதன் உரிமையை 130 டாலருக்கு விற்றுவிட்டனர். பின்னர் அவர்கள் வழக்குத் தொடுத்தபோது, அவர்தம் பெயர்களும் கதையினின்று நீக்கப்பட்டன. 1975இல் தான் பதிப்பகத்தார் அவ்விருவர் பெயரையும் மீண்டும் அச்சிட இசைந்து, ஆளுக்கு ஆண்டொன்றிற்கு 20,000 டாலர் வழங்க உடன்பட்டனர். அதற்குள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்தன.

பேட்மேன் கதையில் நிகழ்ந்தது இதனின் வேறுபட்டது. அங்குப் பெயர் இருந்தது. ஆனால் அப்பெயர் பல கைகளை மூடி நின்றது. 1939இல் அக்கதை தோன்றியது முதல் பாப் கேன் என்னும் ஒரு பெயரே அச்சிடப்பட்டது. கதையை உருவாக்குவதில் பெரும்பங்கு கொண்ட பில் பிங்கர் 1974இல் மறைந்தார். அவர் பெயர் படைத்தோருள் ஒன்றாக முறையாக இடம்பெற்றது 2015இல் தான். ஓவியருள்ளும் ஜெர்ரி ராபின்சன், டிக் ஸ்பிராங், ஷெல்டன் மோல்டாஃப் ஆகியோர் வரைந்த பக்கங்கள் கேன் பெயரிலேயே வெளிவந்தன.

இவருள் ஸ்பிராங் நடையைச் சிறிது நோக்குவோம். அவர் 1941இல் பேட்மேனை வரையத் தொடங்கினார். அப்படங்கள் 1943 முதல் அச்சில் வந்தன. அவர் வரைந்த பேட்மேன் சதுரத் தாடையும் அகன்ற மார்பும் உடையவன். அவன் போரிடும் இடம் பெரும்பாலும் மாளிகையளவு உயர்ந்த தட்டெழுத்துப்பொறியோ, அதனை ஒத்த பேருருக் கருவியோ ஆகும். மேலிருந்து கீழ் நோக்கியும் கீழிருந்து மேல் நோக்கியும் அமைத்த காட்சிகளில், சிறிய மனிதன் பெரிய பொருளின் மீது ஓடும் அளவு வேறுபாட்டால் வியப்பை விளைத்தார். இப்பக்கங்களைப் பயின்ற கண், கீழே எப்பெயர் இருப்பினும் இக்கையை அறிந்துகொள்ளும். பெயரை நம்பியவர் ஒரு கையையே கண்டனர். கோட்டை நம்பியவர் பல கைகளைக் கண்டனர்.

ஔவையார் என்னும் ஒரு பெயரின்கீழ் வழங்கும் பாடல்கள் அனைத்தும் ஒருவர் பாடியன அல்ல என்று அறிஞர் துணிந்ததும் நடையையும் காலக்குறிப்பையும் கொண்டேயாகும். முறையில் இரண்டும் ஒக்கும், காரணத்தில் ஒவ்வா. ஔவையார் என்னும் பெயர் மரபின்பால் கொண்ட மதிப்பினால் பலர்மேல் படர்ந்தது. கேன் என்னும் பெயரோ ஒப்பந்தத்தினால் பலரை மறைத்தது. இவ்வேறுபாட்டை மறத்தல் கூடாது.

பெயரும் உரிமையும் உடையார் ஒருவரிடத்தும் கை வேறாதல் உண்டு. வில் ஐஸ்னர் 1940 ஜூன் 2ஆம் நாள் தொடங்கிய ‘தி ஸ்பிரிட்’ கதையின் உரிமையைத் தம்மிடமே நிறுத்திக்கொண்டார். அக்காலத்து அஃது அரிய செயல். முதற்பக்கத்தில் கதையின் பெயரையே கட்டடமாகவும் தாளின் கிழிவாகவும் அமைத்துக் காட்டிய அவர் திறம் பெரிதும் போற்றப்படுவது. ஆயின் அவர் 1942இல் படைப்பணிக்கு அழைக்கப்பட்டு, 1945இல் தான் மீண்டார். இடைப்பட்ட காலத்தில் லூ ஃபைன் முதலியோர் வரைந்த பக்கங்களும் ஐஸ்னர் பெயரிலேயே வந்தன. எனவே கையொப்பம் இன்மை எவ்வாறு ஆராய்வோனை மயக்குமோ, அவ்வாறே கையொப்பம் உண்மையும் மயக்கும் என்க.

நல்ல வாத்து ஓவியர்

முன்னுரையிற் குறித்த ‘நல்ல வாத்து ஓவியர்’ கார்ல் பார்க்ஸ் என்பவர். 1901இல் ஆரெகன் மாநிலத்து மெரில் என்னும் ஊரையடுத்துப் பிறந்தவர். 1935இல் டிஸ்னியின் திரைப்படக்கூடத்திற் சேர்ந்தார். 1942இல் அதனை விட்டு நீங்கினார். பின்னர் வெஸ்டர்ன் பதிப்பகத்திற்காக வீட்டிலிருந்தே படக்கதை வரையலானார். 1966இல் ஓய்வு பெறுவதற்குள் ஏறத்தாழ 500 கதைகளை வரைந்தார். அவற்றுட் பெரும்பாலானவற்றை அவரே எழுதினார். 1947 டிசம்பரில் வெளிவந்த கதையொன்றில் ஸ்குரூஜ் என்னும் செல்வக் கிழவாத்தைப் படைத்தவரும் அவரே. இவற்றுள் எதிலும் அவர் பெயர் அச்சேறவில்லை.

படிப்போர் அவரை இனங்கண்டது எங்ஙனம்? பொதுவாக அவர் பக்கம் நான்கு வரிசையில் எட்டுக் கட்டங்கள் கொண்ட எளிய அமைப்புடையது. விந்தையான கோணமோ சிதைந்த கட்டமோ அவர் பெரிதும் நாடியதில்லை. கோடு தெளிவானது, வளைவில் தடித்தும் நுனியில் மெலிந்தும் செல்வது. அவர் ஆற்றல் முழுதும் மெய்ப்பாட்டில் அமைந்தது. வாத்தின் முகத்தில் அசைவதற்கு உரியன கண்ணும் புருவமும் அலகுமே. இவற்றையும் உடலின் சாய்வையும் கொண்டு, ஆசை, நாணம், பொய்யான துணிவு, தோல்வியை மறைக்கும் செருக்கு ஆகியவற்றை வேறுவேறாகக் காட்டினார். இரண்டாவது, அவர் பின்புலம் மெய்யானது. 1949இல் வெளிவந்த ஆண்டீஸ் மலைக் கதையில் வாத்துகள் சதுர முட்டையைத் தேடிச் செல்கின்றன. கதை கற்பனை, ஆயின் மலையும் ஊரும் நேரிற் கண்டார் வரைந்தன போல்வன. ‘நேஷனல் ஜியாகிராபிக்’ இதழின் ஒளிப்படங்களை அவர் இதற்குத் துணையாகக் கொண்டார். நகைச்சுவை மாந்தரை மெய்யான நிலத்தில் உலவவிட்ட இவ்விணைப்பே அவர் கையைக் காட்டிக்கொடுத்தது.

1960இல் தான் வாசகர் சிலர் பதிப்பகத்தின் வாயிலாக அவர் பெயரையும் முகவரியையும் அறிந்து கடிதம் எழுதினர். அதுமுதல் பெயரின்றி வாழ்ந்த ஓவியர் பெயரோடு வாழலானார். அவர் 2000ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், 99ஆம் வயதில் மறைந்தார். கதைகளைப் பதிப்பகத்திற்கு அனுப்பிய காலத்து அவர் எழுதிவைத்த கணக்குகள், எவை அவர் படைப்பு என்பதை உறுதி செய்யப் பின்னர்ப் பயன்பட்டன. வாசகர் கண் கண்டதைக் கணக்கேடு மெய்ப்பித்தது. அகச்சான்றும் புறச்சான்றும் இங்ஙனம் ஒன்றையொன்று தாங்கி நிற்றலே ஆராய்ச்சியில் விரும்பத்தக்க நிலையாகும்.

பெயர் இருந்தும் உரிமை இன்மை

கை அறியப்பட்டுப் பெயரும் அச்சிடப்பட்ட பின்னரும் உரிமை தானே வந்துவிடாது என்பதற்கு ஜாக் கிர்பியின் வாழ்வு சான்று. 1917 ஆகஸ்டு 28ஆம் நாள் நியூயார்க்கிற் பிறந்த இவர், ஜோ சைமனோடு கூடி 1941இல் கேப்டன் அமெரிக்காவைப் படைத்தார். 1961இல் ஸ்டான் லீயோடு ‘பெண்டாஸ்டிக் போர்’ தொடங்கினார். மார்வல் பதிப்பகத்தில் அக்காலத்து நிலவிய முறைப்படி, கதைச் சுருக்கம் ஒன்றைக் கொண்டே ஓவியர் கதையைக் கட்டங்களாக விரித்து வரைவார். உரையாடல் பின்னர் எழுதப்படும். ஆகவே ஓவியர் கதையமைப்பிலும் பங்குடையர் ஆவர்.

கிர்பியின் நடை எளிதில் அறியத்தக்கது. அவர் வரைந்த மாந்தரின் கை படிப்போனை நோக்கி நீளுமாயின் கைம்முட்டி தலையினும் பெரிதாய்த் தோன்றும். விரல்நுனிகள் சதுரமானவை. உலோகத்தின் மீது நெளிகோடுகள் மின்னும். வான்வெளி ஆற்றலைக் காட்டக் கரும்புள்ளிகளைக் கொத்துக்கொத்தாக அடுக்குதல் அவர் கண்ட முறை. பின்வந்தோர் பலர் அதனைப் பின்பற்றினர். ஓடுபவனை வரையினும் நிற்பவனை வரையினும் ஓர் உந்துவிசை கட்டத்தை உடைத்து வெளியேறுவது போலத் தோன்றும்.

1960களின் தொடக்கம் முதல் மார்வல் இதழ்களில் ஓவியர் பெயர் ஒழுங்காக அச்சிடப்பட்டது. ஆகவே கிர்பியின் கையும் பெயரும் ஐயத்திற்கு இடமின்றி விளங்கின. ஆயின் 1980களில் பழைய மூலப்படங்களைப் பதிப்பகம் ஓவியர்க்குத் திருப்பி அளிக்கத் தொடங்கியபோது, பிறர்க்கு அளித்ததினும் நீண்ட, உரிமைகளை விட்டுக்கொடுக்கும் ஆவணமொன்றிற் கிர்பி கையொப்பம் இடவேண்டுமென வற்புறுத்தியது. அவர்க்குத் தருவதாக முதலிற் கூறப்பட்டவை 88 பக்கங்களே. அவரோ பல ஆயிரம் பக்கங்கள் வரைந்தவர். ஓவியரும் எழுத்தாளரும் அவர் பக்கம் நின்று குரல் எழுப்பிய பின்னர், 1987இல் ஏறத்தாழ 2,000 பக்கங்கள் அவரை அடைந்தன. அவர் 1994 பிப்ரவரி 6ஆம் நாள் மறைந்தார்.

அவர் மக்கள் பதிப்புரிமையை மீட்க முயன்றனர். அவர் வரைந்தவை கூலிக்குச் செய்த பணியே என்று நீதிமன்றம் 2011இலும், மேல்முறையீட்டில் 2013இலும் தீர்ப்பளித்தது. வழக்கு உச்சநீதிமன்றத்தின் கருத்திற்குச் செல்லும் நிலையில், 2014 செப்டம்பரில் இரு சாராரும் உடன்பாடு கண்டனர். இவ்வழக்கில் அப்படங்களை வரைந்தவர் கிர்பி அல்லர் என்று எவரும் கூறவில்லை என்பது கருதத்தக்கது. கையைப் பற்றி வழக்கில்லை. உறவைப் பற்றியே வழக்கு. நடையாராய்ச்சி கையைக் காட்டும். கூலிக்கு வரைந்த கையா, தனக்கென வரைந்த கையா என்பதைக் காட்டாது.

நடைச்சான்றின் எல்லை

இவ்விடத்து நடைச்சான்றின் வலிமையையும் எல்லையையும் வரையறுத்தல் வேண்டும். முதலாவது, அச்சில் நாம் காண்பது ஒருவர் கோடு அன்று. கிர்பியின் பென்சில் வரைவுக்கு ஜோ சின்னாட் மையிட்ட பக்கங்களில் கோடு வழவழப்பாகவும் திண்மையாகவும் விளங்கும். வின்ஸ் கொலெட்டா மையிட்டவற்றில் அது நுண்கீற்றுகளாய் மெலியும். பின்புல உருவங்கள் சில விடுபடுதலும் உண்டு. வரைந்தவர் ஒருவரே, தோற்றம் இரண்டு. ஏடெழுதினோர் கையால் மூலபாடம் மாறுதலை நன்கறிந்த நமக்கு இது புதியதன்று. எனவே மேற்கோட்டின் தன்மையைவிடக் கட்டத்தின் அமைப்பு, மாந்தர் நிலை, காட்சிக் கோணம் ஆகியவற்றையே உறுதியான சான்றாகக் கொள்ளல் தகும்.

இரண்டாவது, சிக்கிள்ஸ் வரலாறு காட்டியவாறு, திறமுடைய ஓவியர் பிறர் நடையில் வரைய வல்லர். மூன்றாவது, எழுத்தும் ஓவியமும் வேறாதல் உண்டு. பார்க்ஸ் ஓய்வு பெற்றபின் சில கதைகளுக்கு எழுத்து மட்டும் தந்தார், ஓவியம் பிறருடையது. அங்குக் கோட்டை மட்டும் நோக்குவோன் பார்க்ஸைக் காணான்.

இக்காரணங்களால் தேர்ந்த ஆராய்ச்சியாளர் நடையோடு நில்லாது புறச்சான்றும் தேடினர். ஜெர்ரி பெயில்ஸும் ஹேம்ஸ் வேரும் ஓவியர்க்கும் எழுத்தாளர்க்கும் வினாத்தாள் விடுத்துச் செய்தி திரட்டி, அமெரிக்கப் படக்கதைப் படைப்பாளர் அடைவை 1973 முதல் 1976 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டனர். 1994இல் தன்னார்வலர் தொடங்கிய படக்கதைத் தரவுத்தளம் இதழ்தோறும் கதைதோறும் கைகளைப் பதிவு செய்கின்றது. உறுதியற்ற பெயருக்குப் பக்கத்தில் ஐயக்குறி இடுகின்றது. அவ்வையக்குறியை நான் பெரிதும் மதிக்கின்றேன். அறிந்ததையும் கருதியதையும் வேறுபிரித்துக் காட்டாத அடைவு, பிழையைப் பரப்பும் கருவியாகவே முடியும்.

தமிழர் அறிந்த ஒரு கை

இவ்வாராய்ச்சி நமக்குத் தொலைவான பொருளன்று. 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’ வெளிவந்தது. இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ வார இதழில் 1962இல் தொடங்கிய கதை அது. மின்சாரம் தாக்கியவுடன் நாயகன் உடல் முழுதும் மறைந்து, இரும்புக்கை மட்டும் கண்ணுக்குப் புலப்படும். ஆகவே ஓவியர் முகமும் உடலும் இல்லாத நாயகனை, வெளியில் மிதக்கும் ஒரு கையைக்கொண்டே இயங்கச் செய்ய வேண்டியவராயினார். விரல் மடங்கும் முறையாலும், பார்ப்போர் முகத்தில் தோன்றும் அச்சத்தாலும், சுவரில் விழும் நிழலாலும் அதனைச் செய்தார். அவர் பார்சிலோனாவிற் பிறந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. அக்காலத்து இங்கிலாந்து வார இதழ்கள் ஓவியர் பெயரைப் பொதுவாக அச்சிடுவதில்லை. அவ்வழக்கத்தை மாற்றியதிற் பெரும்பங்கு 1977இல் தோன்றிய ‘2000 ஏ.டி.’ இதழுக்கு உண்டு. ஆதலின் தமிழ்ச் சிறுவர் ஒரு தலைமுறையினர் பிளாஸ்கோவின் கோட்டைக் கண்மூடினும் காணும் அளவிற்கு அறிந்திருந்தும், அவர் பெயரை அறியாராயினர். கை மட்டும் தெரிய, உடையவர் மறைந்திருக்கும் அக்கதையின் நிலை அதனை வரைந்தவர்க்கும் பொருந்திற்று.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு. படக்கதைக் கலையில் கையும் பெயரும் உரிமையும் தொடக்கத்திலேயே பிரிந்தன. கனிஃப் பெயரோடிருந்து உரிமைக்காகப் படைப்பைத் துறந்தார். ஸ்பிராங் பிறர் பெயரில் வரைந்தார். பார்க்ஸ் பெயரின்றி வரைந்தார். கிர்பி பெயரோடு வரைந்தும் உரிமை பெற்றிலர். இவருள் முதலாமவரும் நாலாமவரும் சட்டத்தின் பாற்பட்டவர். இடைப்பட்ட இருவரையும் உலகம் அறிந்ததற்கு, கோட்டை ஊன்றி நோக்கிய வாசகர் கண்ணே முதற்காரணம். அவ்வாசகர் புலமைப்பட்டம் பெற்றவர் அல்லர், விரும்பிப் படித்தவர்.

நன்னூலார் சிறப்புப்பாயிரத்தின் இலக்கணம் கூறுங்கால், அது தெரிவிக்க வேண்டியவற்றுள் நூலாசிரியர் பெயரையே முதற்கண் வைத்தார். நூலின் வழியும் எல்லையும் பயனும் அதற்குப் பின்னரே எண்ணப்படுகின்றன. பெயரறிதல் ஆராய்ச்சியின் முடிவன்று. தொடக்கமே என்பது அவ்வைப்புமுறையாற் போதரும்.

தமிழ் வார, மாத இதழ்களில் கதைக்குப் படம் வரைந்தோர் பலர். தமிழ்ப் படக்கதை இதழ்களின் அட்டையை வரைந்தோரும், எழுத்துப் பொறித்தோரும், மொழிபெயர்த்தோரும் உளர். அவருட் சிலர் ஒப்பமிட்டனர், சிலர் இடவில்லை. அவர்தம் பணியைப் பார்த்தறிந்த முதியோர் நம்மிடையே இன்றும் உள்ளனர். தமிழ்த் துறைகளிற் பயிலும் முதுகலை மாணவர் இதழ்த் தொகுதிகளை முன்வைத்து, கை இன்னது, பெயர் இன்னது, சான்று இன்னது, ஐயம் இன்னது என ஓர் அடைவு வகுப்பாராயின், அது தமிழ் அச்சுக்கலை வரலாற்றிற்குப் பெருந்துணையாகும். குறுந்தொகைப் புலவர்க்குப் பாட்டின் தொடரையே பெயராக்கியதன்றி நம்மால் வேறொன்றும் செய்ய இயன்றிலது. நேற்று வரைந்த ஓவியர்க்கு அந்நிலை நேர வேண்டுவதில்லை; கேட்டு எழுதிக்கொள்ள இன்னும் காலம் உண்டு.